தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி: வளாகமும் சுற்றுப்புறமும்

சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வளர்ந்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான தொடக்கக்கல்லூரியை முடித்திருக்கும் உங்கள் மகள், தாவரவியல் படிக்கத் தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குப் போக விரும்புகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். விடுதி, நூலகம், சுற்றுப்புறம் ஆகியவை எப்படி, வளாகத்தில் பாம்பு நடமாட்டம் உண்டா, இந்துக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கிறித்தவச் சூழல் ஒத்துவருமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தக் கல்லூரியில் படித்துவிட்டுச் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவன் நான். பிறகு உறவினர் பிள்ளைகளையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். அதனால் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்.சி.சி. என்று எல்லாரும் அழைக்கும் அந்தக் கல்லூரியின் தாம்பரம் வளாகம், மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு திட்டமிட்டுக் கட்டப்பட்டது. எனவே மகளுக்கு வளாகத்துக்குள் விடுதியில் இடம் கிடைக்கிறதா என்பதே நீங்கள் விசாரிக்க வேண்டிய முதல் செய்தி. கிடைத்தால் தயங்காமல் அனுப்பலாம். வெளியே வாடகை அறை எடுத்துத் தங்கி, வகுப்புக்கு மட்டும் வந்துபோவதாக இருந்தால், அந்த வளாகம் தரக்கூடியதில் பாதிதான் அவளுக்குக் கிட்டும். அதற்காகக் கடல் கடந்து போகத்தான் வேண்டுமா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

இது ஏன் என்று விளங்க, கல்லூரி தாம்பரத்துக்கு வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் என்ற மதபோதகர் 1837-இல் சென்னை ஜார்ஜ் டவுனில் தொடங்கிய பள்ளிக்கூடமே இதன் வேர். 1862-இல் வந்து சேர்ந்த வில்லியம் மில்லர் அதைக் கல்லூரியாக வளர்த்தார். பல திருச்சபைகள் சேர்ந்து நடத்தும் நிறுவனமாக ஆனபோது, 1877-இல், சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்ற பெயர் வந்தது. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, துறைமுகத்துக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நின்ற அந்தக் கட்டடங்களில் வகுப்புகள் நடத்தலாமே தவிர, ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் வாழும் கல்வியை நடத்த வழியில்லை. ஆகவே நகரை விட்டு வெளியேறத் தீர்மானித்து, சேலையூர்க் காட்டில் இடம் வாங்கினார்கள். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் 1931-இலேயே ஓடத் தொடங்கியிருந்ததால், நகரத்தோடு தொடர்பு அறுந்துபோகும் கவலையும் இல்லை. நூறாண்டு நிறைந்த 1937-இல் கல்லூரி தாம்பரத்தில் குடியேறியது. அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாட்டை அங்கே நடத்தினார்கள் என்றால், புது வளாகத்தை எவ்வளவு தங்கும் வசதியோடு கட்டியிருந்தார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

வளாகத்தின் பரப்பு ஏறத்தாழ 365 ஏக்கர், அதாவது 148 ஹெக்டேர். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் கெண்ட் ரிட்ஜ் வளாகம் 150 ஹெக்டேர் என்பதால் இரண்டையும் ஒரே அளவு என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கெண்ட் ரிட்ஜில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்காக மேடு பள்ளமெல்லாம் கட்டடம் எழுப்பி, உள்பேருந்தும் விட்டிருக்கிறார்கள். தாம்பரத்தில் கட்டடங்கள் பிடித்துக்கொண்ட இடம் சிறிது. மீதி நிலத்தில் காடு நிற்கிறது. வகுப்புக் கட்டடங்கள் ஒரு முற்றத்தைச் சுற்றி நாற்கட்டாக அமைந்திருக்கின்றன. உயர்ந்த கூரையும் நீண்ட தாழ்வாரமும் கொண்ட பழைய பாணிக் கட்டடங்கள் அவை; வெயில் நேரத்தில் தாழ்வாரத்தில் நின்றால் காற்று வரும். ஆனால் இங்கே தொடக்கக்கல்லூரியிலும் விரிவுரை மண்டபத்திலும் பழகிய குளிரூட்டலை எல்லா வகுப்பறையிலும் எதிர்பார்க்க வேண்டாம் என்று மகளிடம் முன்னரே சொல்லிவிடுங்கள்.

தாவரவியல் படிக்கப் போகிறவளுக்கு அந்தக் காடுதான் கல்லூரியின் மிகப் பெரிய வசதி என்பது என் உறுதியான கருத்து. சோழமண்டலக் கடற்கரையோரமாக ஒரு காலத்தில் நீண்டு கிடந்த உலர் பசுமைமாறாக் காட்டுக்கும் முட்புதர்க் காட்டுக்கும் உரிய செடிகொடிகள் அங்கே வளர்கின்றன. நம் புக்கிட் தீமா மழைக்காட்டில் ஆண்டு முழுவதும் மழை பெய்வதால் மரங்கள் ஓங்கி வளர்ந்து, கீழே வெளிச்சமே விழாமல் அடைத்துக்கொண்டிருப்பதை அவள் பார்த்திருப்பாள். தாம்பரத்துக் காட்டின் கதையே வேறு. ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். பிறகு மாதக்கணக்கில் வறட்சி. அந்த வறட்சியிலும் பச்சை மாறாமல் இருப்பதற்காக இலைகள் சிறுத்துத் தோல் போலத் தடித்திருக்கும். களா, காரை, சூரை என்று பாதிச் செடிகள் முள்ளோடு நிற்கும். நீரில்லாத காலத்தை ஒரு செடி எப்படிக் கடக்கிறது என்பதைப் பாடநூலில் படித்த அன்றே நூறடி நடந்துபோய்ப் பார்க்கும் வாய்ப்பு, இந்தியாவிலேயே நகரை ஒட்டிய கல்லூரிகளில் மிகச் சிலவற்றுக்குத்தான் உண்டு.

இயற்கையாக நின்ற காட்டோடு, மனிதர் நட்ட மரங்களும் அங்கே நிறைய. வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸும் அவருடைய துணைவியார் ஆலிஸ் பார்ன்ஸும் வளாகச் சாலைகளிலும் விடுதிகளைச் சுற்றியும் பல ஊர்களின் மரக்கன்றுகளைக் கொண்டுவந்து நட்டு வளர்த்தார்கள். வேதியியல் அவருக்குத் தொழில். செடிகளின் மீது அவருக்கு இருந்தது தனி ஈடுபாடு. சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த அரிசீமா வகையில் ஒன்றுக்கு, அரிசீமா பார்னெசியை என்று, அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். தாவரவியல் துறை இப்போது தாவர உயிரியல், தாவர உயிரித் தொழில்நுட்பத் துறை என்ற பெயரில் இயங்குகிறது. சோதனைக்கூடத்தில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று கேட்பதோடு, முதலாண்டு மாணவர்களை எத்தனை முறை காட்டுக்குள் அழைத்துச் செல்கிறார்கள் என்றும் துறைத் தலைவரிடம் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலே உங்கள் மகளுக்கு அதிகம் பயன்படும்.

மாலை வேளையில் அங்கே நடந்து பார்த்தால் நான் சொல்வது புரியும். வகுப்பு முடிந்து, செம்மண் பாதையில் விடுதிப் பக்கம் திரும்பும்போது, வெயில் தணிந்திருக்கும். பாதையோரத்துக் காய்ந்த சருகில் சரசரவென்று சத்தம் கேட்டால், பெரும்பாலும் அது தவிட்டுக்குருவிக் கூட்டமாக இருக்கும்; ஏழெட்டாகச் சேர்ந்து சருகைப் புரட்டிப் பூச்சி தேடிக்கொண்டிருக்கும். சற்றுத் தள்ளி, புதர்கள் விலகிப் புல்வெளி தொடங்கும் இடத்தில், புள்ளிமான்கள் தலையை நிமிர்த்தி நம்மைப் பார்த்துவிட்டு, நாம் நிற்கவில்லை என்று தெரிந்ததும் மறுபடி மேயத் தொடங்கும். நின்று கைபேசியை எடுத்தால் ஓடிவிடும். அக்டோபர் வாக்கில் வடக்கிலிருந்து ஆறுமணிக் குருவி வலசை வரும். காலையும் மாலையும் ஆறு மணியளவில் இருமுறை விசிலடித்தாற்போல் அது கூப்பிடும். சிங்கப்பூரின் மெக்ரிச்சி நீர்த்தேக்கக் காட்டில் வார இறுதியில் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இப்போது பாம்பு. ஆம், உண்டு. காடு இருக்கும் இடத்தில் பாம்பு இல்லாமல் இருக்காது. இந்தியாவின் புகழ்பெற்ற பாம்பு ஆய்வாளரான ரோமுலஸ் விட்டேகர் தம் முதல் பாம்புப் பூங்காவைச் சேலையூரில்தான் தொடங்கினார். பின்னரே அது கிண்டிக்கு மாறியது. தமிழ்நாட்டில் கவனமாக இருக்க வேண்டியவை நான்கு: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றுள் கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. அதன் கடி வலிக்காமலும் போகலாம் என்பதால், சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இருட்டிய பின் கைவிளக்கில்லாமல் நடக்கக் கூடாது. வெறும் செருப்போடு புல்லில் இறங்கக் கூடாது. காலணியை உதறிப் பார்த்தே போட்டுக்கொள்ள வேண்டும். இந்த மூன்றும் பழகிவிட்டால் பயத்துக்கு இடமில்லை. நச்சுமுறி மருந்து அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது. அதற்கான நஞ்சைச் சேகரிக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கமும் மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில்தான் இருக்கிறது.

விடுதிகளை அங்கே ஹால் என்பார்கள். ஆண்களுக்குச் சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால். பெண்களுக்கு மார்ட்டின் ஹால், மார்கரெட் ஹால், பார்ன்ஸ் ஹால். நீங்கள் இவற்றை உறங்கும் இடம் என்று மட்டும் எண்ண வேண்டாம். ஒவ்வொரு ஹாலுக்கும் தனி மரபு, தனி விழா, தனி விளையாட்டு அணி, மாணவர்களே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் என்று ஒரு குடியாட்சியே நடக்கும். ஐம்பது வயதைக் கடந்த பழைய மாணவர்கள் இருவர் சிங்கப்பூரில் எங்கேனும் சந்தித்துக்கொண்டால், எந்தத் துறை என்று கேட்பதற்கு முன் எந்த ஹால் என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். மகள் இங்கே பள்ளியில் இணைப்பாட நடவடிக்கைகளில் ஆர்வம் காட்டியவளாக இருந்தால், ஹால் வாழ்க்கை அவளை உடனே ஈர்த்துக்கொள்ளும். கூச்ச சுபாவம் உள்ளவளாக இருந்தால், முதல் சில வாரங்கள் மிரட்சியாக இருக்கலாம். பகடிவதை குறித்துப் பெற்றோருக்குக் கவலை எழுவது இயல்பு. தமிழ்நாட்டில் 1997 முதல் அதற்கெதிரான தனிச் சட்டம் இருக்கிறது. முறையிட வேண்டுமானால் யாரிடம் போக வேண்டும், விடுதிக் காப்பாளரின் தொலைபேசி எண் என்ன என்பதைச் சேர்க்கும் நாளிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பெண்கள் விடுதிகளில் மாலையில் குறித்த நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற விதி உண்டு. வெளியே தங்க வேண்டுமானால் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். இரவு பதினொரு மணிக்குப் பெருவிரைவு ரயிலில் தனியாக வீடு திரும்பிப் பழகிய சிங்கப்பூர்ப் பெண்ணுக்கு அது கட்டுப்பாடாகத் தோன்றும். உணவைக் காட்டிலும் வெயிலைக் காட்டிலும் இதுதான் இங்கிருந்து போகும் பிள்ளைகளுக்குப் பெரிய மாற்றம் என்பதை நான் கண்டிருக்கிறேன். அந்த விதி சரியா தவறா என்று விவாதிப்பது வேறு. அது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அவள் சம்மதித்துப் போக வேண்டும். உணவு வழக்கமான தமிழ்நாட்டு விடுதிச் சாப்பாடுதான்: இட்லி, பொங்கல், சாம்பார் சாதம், வாரத்தில் சில நாள் இறைச்சி. சைவம் என்றால் எந்தச் சிக்கலும் இல்லை.

நூலகம் மில்லர் பெயரில் இருக்கிறது. நகரத்து வளாகக் காலத்திலிருந்து சேர்ந்த பழைய நூல்கள் அதன் பெருமை. பெரிய கூட்டங்களும் நாடகங்களும் ஆண்டர்சன் மண்டபத்தில் நடக்கும். விளையாட்டுத் திடல்கள் விசாலமானவை. இவற்றைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. தமிழ்நாட்டின் பழைய, நல்ல கல்லூரிகளில் இருப்பவை இங்கும் இருக்கின்றன. அரசு உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு உண்டு. இரண்டுக்கும் கட்டணமும் வகுப்பு நேரமும் வேறுபடும் என்பதால், மகளுக்கு இடம் கிடைப்பது எதில் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மாலை தாமதமாக முடியும் வகுப்பென்றால், விடுதியில் தங்குவது இன்னும் அவசியமாகிவிடும்.

கிறித்தவச் சூழல் பற்றிய உங்கள் கேள்விக்கு, சிங்கப்பூரில் கான்வென்ட் பள்ளிகளிலும் மெதடிஸ்ட் பள்ளிகளிலும் படித்து வந்த இந்துப் பிள்ளைகளின் அனுபவமே பெருமளவு விடையாகும். வளாகத்தில் பிஷப் ஹீபர் பெயரில் சிற்றாலயம் உண்டு, வழிபாடு நடக்கும், கிறிஸ்துமஸ் காலத்தில் கல்லூரி முழுவதும் அதன் களை தெரியும். எல்லாச் சமயத்தவரும் படிக்கிறார்கள். இது இன்று நேற்று வந்த பழக்கமன்று. ஆளை மதம் மாற்றுவதைக் காட்டிலும், நல்ல கல்வியின் வழியே சமுதாயத்தின் சிந்தனையைப் பண்படுத்துவதே கல்லூரியின் பணி என்று மில்லர் கருதினார். அதற்காகத் தம் திருச்சபையினரிடமே கண்டனத்துக்கும் ஆளானார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தத்துவம் படித்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டை மறுத்துத் தம் முதுகலை ஆய்வேட்டை எழுதினார். அவருடைய ஆசிரியரும் கிறித்தவ இறையியல் அறிஞருமான ஏ.ஜி. ஹாக் அந்த ஏட்டைப் பாராட்டிச் சான்றளித்தார். தமிழைச் செம்மொழியாக ஏற்க வேண்டும் என்று முதலில் வாதாடியவர்களுள் ஒருவரான பரிதிமாற் கலைஞர் அங்கே படித்து, அங்கேயே தமிழ் கற்பித்தார். உங்கள் மகள் தன் நெற்றித் திருநீற்றோடு அங்கே போகலாம்.

சுற்றுப்புறத்துக்கு வருவோம். சிங்கப்பூரிலிருந்து போகிறவர்களுக்குத் தாம்பரத்தைப்போல் வசதியான இடம் சென்னையில் வேறில்லை. நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான விமானப் பயணம். இறங்கியதும் விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் புறநகர் ரயில் நிலையம். அங்கிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம் தாண்டி நான்காவது நிறுத்தம் தாம்பரம். நிலையத்தின் கிழக்குப் பக்கம் வெளியேறினால் கல்லூரி நடந்துபோகும் தொலைவுதான். பெட்டிகளோடு நள்ளிரவில் இறங்குவதாக இருந்தால் வாடகை வண்டியே நல்லது. தென்மாவட்டங்களுக்குச் செல்லும் விரைவு ரயில்கள் பல தாம்பரத்தில் நின்று போகின்றன. உங்களுக்குத் தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ தாத்தா பாட்டி இருந்தால், பண்டிகை விடுமுறைக்கு மகள் எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும், வண்டலூர் உயிரியல் பூங்காவும் அதே பெருஞ்சாலையில் தெற்கே சற்றுத் தொலைவில் இருக்கின்றன.

தாம்பரம் 2021-இல் மாநகராட்சியானது. நிலையத்தைச் சுற்றிய பகுதி நெரிசலும் இரைச்சலும் மிக்கது. காய்கறிச் சந்தை, துணிக்கடை, மருந்துக்கடை, நகலெடுக்கும் கடை, மலிவான சாப்பாட்டுக் கடை எல்லாம் நடக்கும் தூரத்தில் கிடைக்கும். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நாள்தோறும் காணலாம். சாலையைக் கடப்பதுதான் கடினம். அங்கே பச்சை மனிதன் விளக்கை நம்பி இறங்க முடியாது என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். மருத்துவத்துக்குக் குறையில்லை. சவுரிமுத்து என்ற மருத்துவர் 1928-இல் நிறுவிய காசநோய்ச் சானடோரியம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இருக்கிறது. ரயில் நிலையத்துக்கே அதன் பெயர் நிலைத்துவிட்டது. அதன் அருகிலேயே தேசியச் சித்த மருத்துவ நிறுவனம். தனியார் மருத்துவமனைகளும் பல உண்டு. கிழக்குத் தாம்பரத்தில் விமானப்படைத் தளமும் அதன் பயிற்றுநர் பள்ளியும் இருப்பதால், பகலில் பயிற்சி விமானங்களின் ஒலி கேட்கும்.

வெளியே வீடெடுக்க வேண்டிய நிலை வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில், ரயில் பாதைக்கு மேற்கே, அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. வாடகை குறைவாக இருக்கிறதென்று அந்தப் பக்கம் தாழ்வான இடத்தில் எடுக்க வேண்டாம். கிழக்கே சேலையூர்ப் பக்கம் பாருங்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயல் சென்னை முழுவதும் மரங்களைச் சாய்த்தது. மழைக்காலத்தில் ஓரிரு நாள் மின்சாரமும் இணையமும் நின்றுபோகக் கூடும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் நாற்பது பாகையைத் தொடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பழகியவர்களையும் அது களைக்க வைக்கும். டெங்கி அங்கும் உண்டு என்பதால், கொசுவலையோ பூச்சு மருந்தோ இல்லாமல் அனுப்பாதீர்கள். குடிநீரைப் பொறுத்தவரை, குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கும் நம் பழக்கத்தை அங்கே விட்டுவிட வேண்டும்.

சேர்ப்பதற்கு முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். வாயிலில் அனுமதி பெற்றே உள்ளே விடுவார்கள் என்பதால் கல்லூரி அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். பலர் டிசம்பர்ப் பள்ளி விடுமுறையில் போகிறார்கள். அப்போது மழை பெய்து காடு பசேலென்றிருக்கும், யாருக்கும் பிடித்துவிடும். முடிந்தால் வகுப்புகள் நடக்கும் வறண்ட மாதமொன்றில், மார்ச் வாக்கில், போங்கள். மகளை முற்பகலில் ஒரு வகுப்பறைத் தாழ்வாரத்திலும், பிற்பகலில் நூலகத்திலும், மாலையில் பெண்கள் ஹாலின் வரவேற்பறையிலும் உட்கார வைத்து, அங்கிருக்கும் மாணவிகளோடு நீங்கள் இல்லாமல் பேசவிடுங்கள். வகுப்பில் இடம் உறுதியானாலும் விடுதி இடம் உறுதியாகாமல் இருக்கலாம். விடுதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும் என்பதால், ஹால் இடம் எழுத்தில் கைக்கு வந்த பிறகே கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்துங்கள்.